ஒரு துப்பாக்கி படைக்குப் போய்ச் சேரும் வழி

2024 பிப்ரவரி 14ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் 463 துப்பாக்கிகள். மொத்த விலை 1,752.13 கோடி ரூபாய். ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர், கான்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா நிறுவனத்துடையது. துப்பாக்கி உருவாவதோ திருச்சியில். கே.கே. நகரிலிருந்து விமான நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் நவல்பட்டுப் பக்கம் வருகிற துப்பாக்கித் தொழிற்சாலை அது. ஊரார் வாயில் ஓஎஃப்டி.

வகுத்துப் பார்த்தால் ஒரு துப்பாக்கிக்கு ஏறக்குறைய 3.78 கோடி ரூபாய். இந்தக் கணக்கைச் சொன்னால் எங்கள் கே.கே. நகரில் யாரும் முதலில் கேட்பது, “ஒரு துப்பாக்கிக்கா இவ்வளவு?” என்பதுதான். வரி கட்டுபவர் கேட்கவேண்டிய கேள்வி இது. இதற்குப் பதில் சொல்ல, துப்பாக்கியை மட்டும் பார்த்தால் போதாது. அது படைக்குப் போய்ச் சேரும் வழி முழுவதையும் பார்க்க வேண்டும். அந்த வழியின் தொடக்கத்தில் எழுதப்படும் சில பக்கங்கள்தான், பின்னால் ஆகும் செலவையும் தாமதத்தையும் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகின்றன என்பது இத்தனை காலம் இந்தத் துறையைக் கவனித்து வந்ததில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று.

முதலில் பொருளைப் பார்ப்போம். இது 12.7 மில்லிமீட்டர் வகைத் துப்பாக்கி; அந்த எண் குழலின் உள்விட்டம். சுடும் பகுதி பழையது: ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் முதல் உலகப்போர் முடியும் காலத்தில் வடிவமைக்கத் தொடங்கிய எம்2 இயந்திரத் துப்பாக்கியின் வழிவந்தது. நூறாண்டு கடந்தும் அந்த வடிவத்தை யாரும் கைவிடவில்லை. புதிது, அதைத் தாங்கி நிற்கும் மேடை. கடலில் கப்பல் ஒரு நொடிகூடச் சும்மா நிற்பதில்லை. முன்னும் பின்னும் அசையும், பக்கவாட்டில் உருளும். குழல் ஒரே ஒரு பாகை விலகினால், 1,000 மீட்டர் தொலைவில் குண்டு 17 மீட்டருக்கு மேல் தள்ளி விழும். வெடிபொருள் ஏற்றி வரும் சிறு படகின் நீளம் அதைவிடக் குறைவு. மனிதன் கையால் பிடித்துச் சுட்டால், அலையடிக்கும் நாளில் அந்தப் படகைத் தடுப்பது அதிர்ஷ்டத்தின் வேலை.

ஆகவே மேடைக்குள் கைரோ உணரிகளை வைக்கிறார்கள். கப்பல் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதை அவை நொடிக்குப் பலமுறை அளக்கின்றன. கணினி உடனே மோட்டார்களுக்குக் கட்டளை தருகிறது. கப்பல் இடப்பக்கம் சாய்ந்த அளவுக்குக் குழல் வலப்பக்கம் திரும்புகிறது. குறி அசையாமல் நிற்கிறது. இரவிலும் பார்க்கும் கேமராவின் படத்தைக் கப்பலுக்குள் திரையில் பார்த்துக்கொண்டு, மேல்தளத்துக்கே வராமல் வீரர் சுடலாம். இதன் தொழில்நுட்பம் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்திடமிருந்து வந்தது. இன்று இதில் 85 சதவீதத்துக்கு மேல் உள்நாட்டுச் சரக்கு என்று அமைச்சகம் சொல்கிறது. 125க்கும் மேற்பட்ட இந்திய நிறுவனங்களுக்கு ஐந்தாண்டு வேலை என்றும் சொல்கிறது. 3.78 கோடியில் பெரும்பங்கு உணரிக்கும் கேமராவுக்கும் கணினிக்கும் மோட்டாருக்கும் உரியது. இரும்புக் குழலின் பங்கு சிறிது.

இந்த மேடை வேண்டும் என்று யார், எப்போது, எப்படி முடிவு செய்கிறார்கள்?

நம் நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் அமலானது பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை. டிஏபி 2020 என்பார்கள். அதன்படி முப்படைகளும் சேர்ந்து 10 ஆண்டுகளுக்கான திறன் வளர்ச்சித் திட்டம் ஒன்றை வைத்துக்கொள்கின்றன. அதிலிருந்து 5 ஆண்டுகளுக்கான கொள்முதல் திட்டம் பிரிகிறது. அதிலிருந்து இரண்டாண்டுகளுக்கான வாங்கும் பட்டியல். ஒரு பொருள் அந்தப் பட்டியலுக்குள் வரும் முன்பே, சந்தையில் என்ன கிடைக்கிறது, யாரால் செய்ய முடியும் என்று கேட்டு ஒரு தகவல் கோரிக்கையை, அதாவது ஆர்எஃப்ஐயை, வெளியிடுகிறார்கள். வந்த பதில்களை வைத்துத் தேவைக் குறிப்பை எழுதுகிறார்கள். எடை இத்தனை, தொலைவு இத்தனை, எந்த வெப்பத்திலும் குளிரிலும் வேலை செய்ய வேண்டும், எத்தனை சுட்டால் குழல் தேயலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். பிறகு பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான பாதுகாப்புக் கொள்முதல் குழு, “ஆம், இது தேவைதான்” என்று ஒப்புகிறது. படை வட்டாரத்தில் இதற்கு ஏஓஎன் என்று பெயர். செய்தித்தாள்களில் “இத்தனை ஆயிரம் கோடிக்கு ஆயுதம் வாங்க ஒப்புதல்” என்று கொட்டை எழுத்தில் வருவது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான். வாங்கிவிட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பயணம் அப்போதுதான் தொடங்குகிறது. அதன்பிறகு ஒப்பந்தப்புள்ளி, தொழில்நுட்ப ஆய்வு, களச் சோதனை, விலைப்பேச்சு, பெரிய தொகையானால் பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல், கடைசியில் கையெழுத்து.

இந்த அமைப்புக்கும் திருச்சிக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. 1999 கார்கில் போர் முடிந்தவுடன் அரசு ஒரு மறுஆய்வுக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் கே. சுப்பிரமணியம், 1929இல் திருச்சியில் பிறந்தவர். அந்தக் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து அமைச்சர்கள் குழு பாதுகாப்பு நிர்வாகம் முழுவதையும் ஆராய்ந்தது. 2001இல் கொள்முதல் குழுவும் அமைச்சகத்துக்குள் தனிக் கொள்முதல் பிரிவும் உருவாயின. 2002 இறுதியில் முதல் கொள்முதல் நடைமுறை நூல் வெளியானது. அதற்கு முன்பும் ஆயுதம் வாங்கினோம். ஆனால் போபர்ஸ் பீரங்கி ஒப்பந்தம் 1986இல் கையெழுத்தாகி அடுத்த ஆண்டே ஊழல் புகாரில் சிக்கிய பிறகு, கையெழுத்துப் போடவே அதிகாரிகள் அஞ்சினார்கள். அந்தப் பீரங்கி கார்கிலில் நன்றாகவே சுட்டது. ஆனாலும் 2016 நவம்பரில் அமெரிக்காவின் எம்777 பீரங்கிகள் 145க்கு ஒப்பந்தம் போடும்வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள் ராணுவத்துக்கு வெளிநாட்டிலிருந்து புதிய பெரும்பீரங்கி எதுவும் வாங்கப்படவில்லை. விதிகளை எழுதி வைத்ததன் முதல் நோக்கம், நேர்மையான அதிகாரி அச்சமின்றி முடிவெடுக்க ஒரு பிடிமானம் தருவது.

விதி எழுதியாயிற்று. தேவைக் குறிப்பை யார் சரியாக எழுதுவது? இங்கேதான் நம் நாடு அதிகம் சறுக்கியிருக்கிறது.

துப்பாக்கிக் கதையையே எடுத்துக்கொள்ளலாம். 1990களின் இறுதியில் படைக்கு வந்த இன்சாஸ் துப்பாக்கி 5.56 மி.மீ. வகை. ஈசாப்பூர், கான்பூர் தொழிற்சாலைகளோடு நம் திருச்சியிலும் அது தயாரானது. கார்கிலின் குளிரில் அதன் தோட்டாப் பெட்டிகள் (மேகசின்கள்) விரிசல் விடுவதாகப் புகார் எழுந்தது. மாற்று தேடினார்கள். 2011 நவம்பரில் வெளியான ஒப்பந்தப்புள்ளி, குழலை மாற்றிப் போட்டால் இரண்டு வெவ்வேறு வகைத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ஒரே துப்பாக்கியைக் கேட்டது. கேட்கும்போது அருமையாக இருக்கும். ஆனால் பனியிலும் மணலிலும் இரண்டு வகைக் குழலோடும் ஒரே நம்பகத்துடன் சுடும் துப்பாக்கி செய்வது மிகக் கடினம். பல வெளிநாட்டு நிறுவனங்கள் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தன. 2015இல் அந்த ஒப்பந்தப்புள்ளியே கைவிடப்பட்டது. நான்காண்டு போயிற்று. அதே ஆண்டில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர், சில தேவைக் குறிப்புகள் சித்திரக்கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தவைபோல இருக்கின்றன என்ற பொருளில் வெளிப்படையாகவே விமர்சித்தார்.

பிறகு 5.56 வேண்டாம், கனமான 7.62க்கு 51 வகை வேண்டும் என்று முடிவு மாறியது. ஏன் மாறியது என்பதில் பௌதிகம் இருக்கிறது. 5.56 தோட்டாவின் முனை சுமார் 4 கிராம். நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் பாயும்போது அதன் இயக்க ஆற்றல் 1,600 ஜூல் அளவு. 7.62க்கு 51 தோட்டாவின் முனை 9.5 கிராம் அளவு. வேகம் சற்றுக் குறைவு, ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தொலைவில் அடித்தால் விழ வைக்கும். ஆனால் தோட்டாவின் எடையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதே சுமையில் வீரர் பாதித் தோட்டாக்களைத்தான் எடுத்துப் போக முடியும், உதைப்பும் அதிகம். எது சரி என்பதற்கு ஒரே விடை இல்லை. மலையுச்சிக்கு ஒன்று, நகரச் சந்துக்கு இன்னொன்று. இதைத் தெளிவாகத் தீர்மானிக்காமல் ஒரே குறிப்பில் எல்லாவற்றையும் கேட்டதுதான் தவறு. கடைசியில் 2019 பிப்ரவரியில் அவசரக் கொள்முதல் வழியில் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 துப்பாக்கிகள் வாங்கினோம். 2024இல் மேலும் சுமார் 73,000. படையின் பெரும்பகுதிக்கு, மூன்றாவது தோட்டா வகையான 7.62க்கு 39ஐச் சுடும் ஏகே-203 தேர்வானது. அமேதி அருகே கோர்வாவில் ரஷ்யாவோடு சேர்ந்து 6,01,427 துப்பாக்கிகள் செய்ய 2021 டிசம்பரில் ஒப்பந்தம். அதே தோட்டாவைச் சுடும் ஒரு துப்பாக்கியை நம் ஓஎஃப்டி முன்பே உருவாக்கியிருந்தது. திருச்சி அசால்ட் ரைஃபிள் என்று ஊரின் பெயரையே தாங்கிய அதை மாநிலக் காவல் துறைகளும் துணை ராணுவப் படைகளும் வாங்கின. ராணுவத்தின் பெரிய ஆர்டர் அதற்கு வரவில்லை.

கே.கே. நகரில் வீடு கட்டியவர்களுக்கு இது நன்றாகப் புரியும்: அஸ்திவாரம் போட்ட பிறகு “இன்னொரு மாடி சேர்த்துக்கொள்ளலாமே” என்றால், கொத்தனார் சொல்லும் கூடுதல் தொகை மாடிக்கு மட்டும் ஆனதாக இருக்காது. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியில் இதுதான் நடந்தது. 1974இல் ஒப்புதல் பெற்றபோது 40 டன் வகுப்பில் நினைத்தார்கள். எதிரியின் பீரங்கி வளர வளர, குழல் 120 மி.மீ. ஆனது, கவசம் கனத்தது, எடை 58 டன்னைத் தாண்டியது, இன்றைய 1ஏ வடிவம் 68 டன் அளவில் நிற்கிறது. எடை ஏறினால் இன்ஜின் பெரிதாக வேண்டும். இன்ஜின் பெரிதானால் உடல் பெரிதாகும். ரயில் பெட்டி, பாலம், போக்குவரத்து லாரி எல்லாமே மாற வேண்டும். ஒப்புதலுக்கும் படையில் முறையாகச் சேர்ந்ததற்கும் இடையே 30 ஆண்டு. அதற்குள் ரஷ்யாவின் டி-90 வந்து இடத்தைப் பிடித்துவிட்டது. ஆவடிப் பொறியாளர்களின் திறமையை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிட மாட்டேன். அவர்கள் ஓடிய ஓட்டத்தில் எல்லைக்கோடுதான் நகர்ந்துகொண்டே இருந்தது.

சோதனைக் கட்டத்தைப் பற்றிப் பொதுவாக யாரும் பேசுவதில்லை. ஆனால் அறிவியல் மிகுந்த கட்டம் அதுதான். “ஆயிரம் முறை சுட்டால் ஒரு முறைக்கு மேல் சிக்கக் கூடாது” என்று குறிப்பில் எழுதியாயிற்று. ஆயிரம் சுட்டுப் பார்த்து ஒரு முறையும் சிக்காவிட்டால் தேறிவிட்டதா? இல்லை. அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். புள்ளியியலில் இதற்கு எளிய விதி ஒன்று உண்டு: ஒரு பிழையும் இல்லாமல் ‘எண்’ முறை சோதித்தால், உண்மையான பிழை விகிதம் 3-இன் கீழ் ‘எண்’ அளவைத் தாண்டாது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். ஆக, ஆயிரத்தில் ஒன்று என்று நிரூபிக்க 3,000 முறை சிக்காமல் சுட்டாக வேண்டும். ராஜஸ்தான் வெயிலிலும் லடாக் குளிரிலும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும் என்றால், கோடைக்கும் குளிருக்கும் காத்திருந்தே ஓராண்டு போய்விடும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். சோதனைக்குத் துப்பாக்கி கொண்டுவரும் செலவோ விற்பவருடையது. தேறினாலும் ஆர்டர் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பெரிய வெளிநாட்டு நிறுவனம் தாங்கும். துவாக்குடியில் இருபது பேரை வைத்துப் பட்டறை நடத்துபவர் தாங்குவாரா?

தேறியவர்களின் விலை உறைகள் அதன்பிறகு பிரிக்கப்படும். குறைந்த விலை சொன்னவர் எல்-1. நம் ஊர் ஒப்பந்ததாரர்களுக்கு மிகப் பழகிய சொல் இது. இதில் ஒரு குறை உண்டு. தேறியவர் தேறியவர்தான், நூற்றுக்கு நாற்பது வாங்கியவருக்கும் தொண்ணூறு வாங்கியவருக்கும் வேறுபாடு இல்லை. 2016இல் வந்த கொள்முதல் நடைமுறை, கூடுதல் திறனுக்கு ஓரளவு மதிப்பெண் தர இடம் கொடுத்தது. வாங்கும் விலையை மட்டும் பார்ப்பது இன்னொரு குறை. 25, 30 ஆண்டு ஓடப்போகும் கருவிக்கு உதிரிப்பாகம், பழுதுபார்ப்பு, பயிற்சி எல்லாம் சேர்ந்தால் வாங்கிய விலையைத் தாண்டிவிடுவது சாதாரணம். 463 துப்பாக்கிக்கான மதிப்பீட்டையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கியிருந்தால், பத்தாண்டு கழித்து ஒரு உணரி பழுதானால் அவர்கள் சொன்ன விலைக்கே வாங்க வேண்டியிருக்கும். செய்தவர் நவல்பட்டில் இருந்தால் நிலைமை வேறு.

எவ்வளவு காலம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்வதும் ஓர் அறிவியல். 1958இல் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கியிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் என்ற முறையை உருவாக்கியது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கால அளவு கேட்பார்கள்: எல்லாம் கூடிவந்தால் எத்தனை மாதம், வழக்கமாக எத்தனை, எல்லாம் கெட்டால் எத்தனை. வழக்கமானதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். கூடிவந்தால் 4, வழக்கமாக 6, கெட்டால் 14 என்றால் விடை 7 மாதம். எல்லோரும் வாயில் சொல்லும் ஆறு மாதம் ஏற்கனவே தவறு என்பதை இந்தச் சின்னக் கணக்கு காட்டிவிடுகிறது. கெட்ட காலம் நல்ல காலத்தைவிட அதிகம் நீளும். அதனால்தான் பெரிய திட்டங்கள் பெரும்பாலும் தாமதமாகவே முடிகின்றன. இன்று இந்தப் பாடம் நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றிலும் உண்டு. தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். தாமதத்தோடு சேர்ந்து ஏறும் செலவைச் சமாளிக்க அமெரிக்கா இன்னொன்றும் செய்தது. 1980களின் தொடக்கத்தில் வந்த நன்-மக்கர்டி சட்டத்தின்படி, ஒரு பெரிய ஆயுதத்தின் விலை மதிப்பீட்டைவிட 15 சதவீதம் கூடினால் நாடாளுமன்றத்துக்குச் சொல்லியாக வேண்டும். 25 சதவீதம் கூடினால் திட்டத்தையே நிறுத்துவதா என்று மறுபரிசீலனை செய்ய வேண்டும். நம் நாட்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இதைச் சுட்டிக்காட்டுகிறார். ஆனால் அது பெரும்பாலும் காலம் கடந்த பிறகுதான். விலை ஏறும்போதே மணியடிக்கும் சட்டம் ஒன்று நமக்கும் வேண்டும்.

ஆர்டர் சீராக வருவது தனி முக்கியத்துவம் உள்ளது. 1936இல் டி.பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் விமான உற்பத்தியில் ஓர் ஒழுங்கைக் கண்டார்: மொத்த எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்கான உழைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது. முதலாவதுக்கு 100 மணி நேரம் என்றால், இரண்டாவதுக்கு 80, நான்காவதுக்கு 64, எட்டாவதுக்கு 51. கை பழகுகிறது, கருவிகள் சீராகின்றன, வீணாவது குறைகிறது. ஆர்டர் நின்றுவிட்டால் இந்தப் பழக்கமும் போய்விடும். தேர்ந்த தொழிலாளி ஓய்வு பெறுவார்; புதியவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். 463 துப்பாக்கிகளை ஐந்தாண்டுக்கு விரித்துக் கொடுத்தது நல்ல முடிவு என்று நான் சொல்வது இதனால்தான்.

1966இல் தொடங்கிய ஓஎஃப்டி இதன் இரு பக்கத்தையும் பார்த்திருக்கிறது. 2005இல் தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனம் லஞ்சப் புகாரில் சிக்கி அரசின் தடைக்கு ஆளானது. கனரகப் பொருள்களைத் துளைக்கும் அதன் பெரிய துப்பாக்கியை வாங்கும் ஏற்பாடு ஒரே நாளில் நின்றது. நம் திருச்சிக்காரர்கள் அந்த வெற்றிடத்தில் வித்வன்சக் என்ற சொந்தத் துப்பாக்கியை உருவாக்கினார்கள். 2007 வாக்கில் அது தயார். எல்லைப் பாதுகாப்புப் படை வாங்கியது. எடை அதிகம் என்று ராணுவம் ஒதுங்கியது. இத்தனைக்கும் பின்னாளில் சிபிஐ, ஆதாரம் போதாதென்று டெனல் வழக்கை முடித்துவிட்டது. லஞ்சத்தை யாரும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. புகார் வந்த நாளே முழு நிறுவனத்தையும் தடைசெய்தால், தண்டனை அனுபவிப்பவர் எல்லைச் சாவடியில் நிற்கும் வீரர். குற்றம் செய்தவரைத் தனியே பிரித்து, அபராதம் விதித்து, வேலையைத் தொடரும் வழிதான் சரியான வழி.

2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் 7 அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. முன்பு ராணுவம் இன்டென்ட் என்ற தேவைப் பட்டியலை அனுப்பினால் போதும். ஆலை செய்து கொடுக்கும். இப்போது விலை சொல்லி, ஒப்பந்தம் போட்டு, நேரத்தில் தர வேண்டும். தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. வேலை பாதுகாப்பு பற்றிய அவர்கள் கவலை உண்மையானது. ஒப்பந்த முறை வந்ததால் செலவு வெளிச்சத்துக்கு வந்தது என்பதும் உண்மை.

பக்கத்திலேயே இன்னொரு ஆலை இருக்கிறது: எச்.ஏ.பி.பி. டாங்கியைத் துளைக்கும் குண்டின் உள்ளே செல்லும் டங்ஸ்டன் உலோகக்கலவைக் கம்பி அங்கே தயாராகிறது. டங்ஸ்டனின் அடர்த்தி எஃகைப் போல இரண்டரை மடங்கு. உருகுநிலை 3,422 பாகை செல்சியஸ் என்பதால் அதை உருக்கி வார்ப்பது நடைமுறையில் இல்லை. பொடியாக்கி, நிக்கல், இரும்புப் பொடிகளோடு கலந்து அழுத்தி, சூட்டில் இறுகவைக்கிறார்கள். கொள்முதல் திட்டத்தில் ஆயுதத்தைப் போலவே மூலப்பொருளும் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. உலக டங்ஸ்டனில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் அது ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. அதற்குச் சில நாள் முன்புதான், ஜனவரி 23 அன்று, மதுரை அரிட்டாப்பட்டி மக்களின் போராட்டத்துக்குப் பிறகு நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தைக் காப்பாற்றிய அந்த முடிவு சரியானது. அதோடு நம் கடமை முடியவில்லை. பயிற்சிக் களத்தில் சிதறிய கம்பிகளையும் பட்டறைகளில் தேய்ந்த கார்பைடு முனைகளையும் சேகரித்து டங்ஸ்டனை மீட்பது, முன்கூட்டியே கையிருப்பு வைப்பது எல்லாம் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். போர் வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

தமிழ்நாட்டுக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோவையோடு திருச்சியும் அதில் ஒரு முனை. பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) ஆலையை நம்பி வளர்ந்த துவாக்குடி வட்டாரப் பட்டறைகள், அதன் ஆர்டர் சுருங்கியபோது பட்ட பாட்டை இந்த ஊர் பார்த்திருக்கிறது. கனத்த எஃகைப் பிழையில்லாமல் வெல்டிங் செய்யும் கைகள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. 2018 ஏப்ரலில் சென்னை அருகே திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் அறிவிக்கப்பட்ட ஐடெக்ஸ் திட்டம், சிறு நிறுவனங்களுக்கு முன்மாதிரி செய்ய 1.5 கோடி ரூபாய் வரை உதவுகிறது. பெரிய முயற்சிகளுக்கு 10 கோடி வரை.

ஆகவே திருச்சிப் பட்டறை முதலாளிகளுக்கும், என்ஐடியிலும் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். டிஏபி 2020 முழு நூலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; படியுங்கள். படைகள் வெளியிடும் ஆர்எஃப்ஐகளைத் தொடர்ந்து பாருங்கள். தேவைக் குறிப்பு இறுதியாகும் முன், “இந்த எடையில் இந்த நீளக் குழல் நிற்காது”, “இந்த உலோகம் இந்தக் குளிரில் வெடிக்கும்”, “இதை இப்படி மாற்றினால் பாதி விலையில் செய்து தருகிறோம்” என்று செய்பவர்கள் சொல்வதற்குக் கிடைக்கும் ஒரே கட்டம் அதுதான். பதில் எழுதப் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. எழுதுங்கள்.